மகள் பூசிய சிவப்பு

பட்டறையில் அவரை எல்லோரும் பாலீஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவர் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். வீட்டிலும் அதே பைத்தியம்தான். சுவரில் சின்னத் திட்டு தெரிந்தாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், வாசலில் நிற்கிற காரில் கீறல் தேடுவார்.

அவருடைய ஒரே மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். பாட்டில் மூடியைத் திருக முடியாமல் போனதும் வேலையை விட்டாள். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய். முதலில் விரல்கள்தான் போகும், போனால் திரும்பாது என்று டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. சின்ன வயதிலிருந்தே பிடித்த சூப்பர்ஹீரோவின் பொம்மை ஒன்றை, பிளாஸ்டிக் போலிருக்கும் ரெசினில் வார்த்ததை, வரவழைத்தாள். தலை தனி, கால் தனி, மேலங்கி தனி என்று துண்டு துண்டாகப் பெட்டிக்குள் கிடந்தது. தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டினால்தான் அது ஆளாகும்.

"கை இருக்கும்போதே ஒண்ணாவது முழுசா செஞ்சு வச்சிடணும்ப்பா. நீங்க தொடக் கூடாது. பக்கத்துல வந்து மூச்சுகூட விடக் கூடாது."

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?" என்றார் பாலீஷ்.

சோப்புத் தண்ணீரில் கழுவினால்தான் பெயின்ட் பிடிக்கும் என்று சொல்லிக்கொடுத்ததோடு ஒதுங்கிக்கொண்டார். அவள் பிரஷ்ஷை முஷ்டிக்குள் பிடித்து, ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு பூசினாள். மேலங்கிச் சிவப்பு தோளைத் தாண்டிக் கழுத்தில் ஏறியது. விளிம்பில் வழிந்து கட்டியாகக் காய்ந்தது. முதுகுப்பக்கம் ஈரத்தில் கட்டைவிரல் அழுந்திவிட்டது. "இருக்கட்டும், என் கை அடையாளம்," என்று சிரித்தாள். பாலீஷ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முகம் மட்டும் பாக்கி.

அதற்குள் மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அம்மா கூடவே இருந்தாள். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த பாலீஷின் கண்ணில் மேஜைமேல் நின்ற பொம்மை பட்டது. பெற்ற பிள்ளைக்கு அந்த மனிதரால் வேறென்னதான் செய்ய முடியும்? ஆறுதல் சொல்ல வாய் வராது. பக்கத்தில் உட்கார்ந்தால் கண் கலங்கிவிடும். தெரிந்தது ஒரே ஒரு வேலை. பொம்மையைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

மகள் வீடு திரும்பியபோது அவளால் ஸ்பூன் பிடிக்க முடியவில்லை. அம்மா ஊட்டிவிட்டாள். பாலீஷ் பொம்மையைக் கொண்டுவந்து அவள் எதிரே வைத்தார். மேலங்கி புதுக் கார்போலப் பளபளத்தது. முகத்தையும் அவரே முடித்திருந்தார்.

"நல்லா இருக்காம்மா?"

"கடையில வாங்கினது மாதிரி இருக்குப்பா."

பாலீஷுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கொஞ்சம் திருப்புங்க," என்றாள். திருப்பினார். "இன்னும் கொஞ்சம்."

"என்னம்மா தேடுற?"

"கட்டைவிரல் பட்ட இடம்."

கிண்ணத்தைக் கீழே வைத்தாள் அம்மா. "தொடாதீங்கன்னு ஒண்ணே ஒண்ணுதானேங்க கேட்டா," என்றாள். சத்தம் போட்டிருந்தாலாவது தாங்கியிருப்பார்.

பொம்மையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். உப்புத்தாளை நனைத்து மேலங்கியைத் தேய்க்க ஆரம்பித்தார். பளபளப்பு போனது. அவர் அடித்த சிவப்பு போனது. அடியில் எங்காவது மகளுடைய சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்காதா என்று தேய்த்தார். அடிப்பூச்சு வந்தது. அதுவும் போய் ரெசினின் வெறும் சாம்பல் நிறம் வந்தது. பழைய பெயின்ட்டைப் பொட்டு விடாமல் சுரண்டி எடுக்காமல் புதுசு அடிக்கிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.