ஒரே மூச்சில் ஒரு கிளாஸ்

அந்தக் கம்பெனியின் லிஃப்டு மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் லிஃப்டின் தரையில் கிளாஸ் நிறைய பீர் வைத்து, உச்சி மாடியிலிருந்து கீழே இறக்குவார்கள். ஒரு சொட்டும் சிந்தாமல் வந்தால் லிஃப்டு பாஸ். கூட இறங்கி வந்த மெக்கானிக் அதை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் ஒரு மாதத்துக்குக் கேலிதான்.

நம்ம ஆளுக்கு மட்டும் கிளாஸில் எலுமிச்சை சோடா. அதனால் பெயரே சோடா ஆகிவிட்டது. ஏன் என்று கேட்டால், "வீட்டுக்காரிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்ப்பா" என்பார். பச்சைப் பொய்.

முப்பத்தாறு வயதுவரை அவருக்குப் பீர் என்றால் உயிர். ஒருநாள் பாதி பாட்டிலில் உதடு தடித்து, தொண்டை அடைத்து, ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். பார்லி ஒவ்வாமை, இனி துளி உள்ளே போனாலும் ஆபத்து என்ற டாக்டர், மூச்சு அடைத்தால் உடனே தொடையில் குத்திக்கொள்ளப் பேனா மாதிரி ஒரு ஊசியைக் காட்டி, இது எப்போதும் உங்களோடு இருக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து ரொட்டியோ சூப்போ பிஸ்கட்டோ, அட்டையைத் திருப்பிப் படிக்காமல் அவர் வாயில் வைத்ததில்லை. பழைய கம்பெனியில் விஷயத்தைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். "காய்ச்சக்காரனுக்கே பார்லித் தண்ணி குடுக்கறாங்க, உனக்கு அது விஷமா?" என்றார்கள். ஒருவன் விளையாட்டுக்கு அவர் தட்டில் பீரைத் தெளித்தும் பார்த்தான். அந்தப் பயத்தில்தான் புது இடத்தில் மனைவியை இழுத்துவிட்டார். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்ற பெயரோடு உயிரோடாவது இருக்கலாமே.

எட்டு வருடம் அப்படியே ஓடியது. அன்றைக்கு ஒன்பது மாடிக் கட்டடம். காலையிலேயே கதவுப் பூட்டு இரண்டு தடவை சிக்கி லிஃப்டு நடுவழியில் நின்றது; சோடாதான் சரிசெய்தார். வியர்வை ஊற்றியதால் மேல்சட்டையைக் கழற்றி உச்சியில் மோட்டார் அறை ஆணியில் மாட்டினார். ஊசி அதன் பையில் இருந்தது. கூட்டாளி ஒல்லி கிளாஸை நிரப்பி வைத்துவிட்டு மேலேயே நின்றார். பெயர்தான் ஒல்லி; ஆள் ஏறினால் லிஃப்டில் இன்னொருவருக்கு இடமிருக்காது. சோடா அந்தக் கிளாஸோடு லிஃப்டில் கீழே இறங்கினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. நல்ல தாகம் வேறு. எடுத்து மடமடவென்று குடித்தார்.

நாக்குக்கு உறைத்தபோது பாதி கிளாஸ் உள்ளே போயிருந்தது. மறக்கக்கூடிய ருசியா அது?

"ஒல்லி, கிளாஸ்ல என்ன ஊத்தின?" என்று வாக்கி-டாக்கியில் கத்தினார்.

"பயந்துட்டீங்களாண்ணா? சரக்கே இல்லாத பீரு. நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன். சத்தியமும் கெடாது, ஆசையும் தீரும்."

பாவம், ஆசையாகத்தான் வாங்கியிருக்கிறார். சரக்கை எடுத்தாலும் பார்லி போகாது என்று ஒல்லிக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவர் சொல்லவில்லையே.

உள்ளங்கை அரித்தது. உதடு மரத்தது. "என் சட்டைப் பையில ஊசி இருக்கு. எடுத்துட்டு ஓடி வா. செத்துருவேன்."

ஒல்லி சிரித்தார். "ஏண்ணா, அண்ணி அங்கயே வந்துட்டாங்களா?"

பழைய கம்பெனியில் கேட்ட அதே சிரிப்பு. "சத்தியம் பொய்டா. பார்லி எனக்கு ஆகாது. மூச்சு..." அதற்குமேல் குரல் வரவில்லை.

மேலே சிரிப்பு நின்றது.

லிஃப்டிலேயே போனால் அரை நிமிடத்தில் மேலே போய்விடலாம். விரல் பொத்தான்வரை போயிற்று. நடுவழியில் பூட்டு மறுபடி சிக்கினால்? தன் கையால் சரிசெய்ததைத் தானே நம்ப முடியவில்லை. தவழ்ந்து வெளியே வந்து சுவரில் சாய்ந்தார். காலையில் பூட்டு சிக்கியதைப் பார்த்திருந்த ஒல்லியும் படிக்கட்டில்தான் ஓடி வந்தார். தடதடவென்ற சத்தம் மாடி மாடியாக இறங்கியது. திடீரென்று எதுவோ உருண்டு விழுந்த ஓசை. பிறகு சத்தமே இல்லை. சோடாவின் மூச்சு விசிலடித்தது. காலையில் மகள் பரீட்சைக்குக் கிளம்பியபோது, அவசரத்தில் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. பயத்தில் அழுதுவிட்டார்.

மறுபடியும் தடதட. ஒல்லி முட்டி கிழிந்து, ரத்தத்தோடு வந்து விழுந்தார். கையில் ஊசி தலைகீழாக இருந்தது. சோடா அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் தன் தொடையில் அழுத்தினார்.

ஆஸ்பத்திரிக்கு மனைவி ஓடி வந்தாள். "மன்னிச்சிடுங்க அண்ணி. உங்க சத்தியம் கெடக்கூடாதுன்னுதான்..." என்று நடந்ததையெல்லாம் சொல்லி ஒல்லி தலைகுனிந்தார்.

"நான் எந்தச் சத்தியமும் வாங்கலையே" என்றாள் அவள். "நான் கேட்டதெல்லாம் அந்த ஊசியை எப்பவும் கூடவே வெச்சுக்கோங்கன்னுதான். அதை ஆணியில மாட்டியிருக்காரு."

சோடா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அடுத்த கட்டடத்தில், எல்லார் முன்னாலும் விஷயத்தைச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒல்லி புதுத் தண்ணீர் பாட்டிலை அவர் கண்ணெதிரே திறந்து கிளாஸில் ஊற்றினார். லிஃப்டு கீழே வந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. சோடா கிளாஸைத் தூக்கியதும் கை உதறி, பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது.

"டெஸ்ட் லிஃப்டுக்குத்தாண்ணா. அது பாஸ்" என்று ஒல்லி குனிந்து துடைத்தார்.

சோடா ஒரு கையால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மீதியை ஒவ்வொரு வாயாக, நன்றாக மூச்சு விட்டு விட்டுக் குடித்தார்.