ஜூடித் இன்ஜினிடம் சொல்லும் பொய்

ஜூடித் காரில் ஏறியதும் இறங்கிவிடுவார். சாவியைப் போட்டுவிட்டு, எதையோ மறந்தவர் போலக் கதவைத் திறந்து வெளியே வந்து காரை ஒருமுறை சுற்றுவார். நான்கு டயரையும் காலால் தட்டுவார். பின்சீட்டில் எத்தனை பேர், டிக்கியில் எத்தனை மூட்டை, ரோடு ஈரமா காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஜெகதளாவிலிருந்து குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய்வரத்தான் இத்தனை சடங்கும். பழைய ஃபியட் காரும் அதற்குப் பழகிப்போய்ப் பொறுமையாக நிற்கும்.

ஏற்றத்தில் அவர் ஓட்டுவது இன்னும் விசேஷம். பஸ்காரர்கள் தரையோடு தரையாக மிதித்து, மலை அதிர ஏறுகிற வளைவுகளில் ஜூடித்தின் கார் முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடும். கேத்தியிலிருந்து கேரட் மூட்டையோடு திரும்பும் நாட்களில் பின்சீட்டில் இருக்கும் சின்னம்மைக்கு உயிரே இருக்காது.

"நல்லா மிதிங்க நோனா! பின்னுக்குப் போயிரப் போகுது!"

"இது போதுங்க்கா. ஏறிட்டுத்தானுங்களே இருக்குது?"

சின்னம்மை இலங்கையில் அட்டன் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவள். இங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூடித் வீட்டில் கூடமாட வேலை செய்கிறாள். பெரிய வீட்டுப் பெண்களை 'நோனா' என்றழைப்பது இலங்கைத் தோட்டத்துப் பழக்கம். எத்தனை முறை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. ஜூடித்தும் சொல்வதை விட்டுவிட்டார்.

இந்த நோனா சென்னைக்குப் போய் விமானம் ஓட்டுகிறார் என்பதை நம்பவே சின்னம்மைக்கு ஒரு மழைக்காலம் ஆனது. செருப்பில் அட்டை ஏறினால் வீடே இடிய அலறுகிற பெண். பட்டாணி உரிக்கும்போது பாதியை வாயில் போட்டுக்கொள்கிற பெண். அவர் நூறு பேரை ஏற்றிக்கொண்டு மேகத்துக்கு மேலே போகிறார் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனால் பைலட்டின் அந்த வெள்ளைச் சட்டையைக் கொடியில் காயப்போடும்போது மட்டும் சின்னம்மை மற்றத் துணிகளைத் தள்ளிவிட்டு இடம் பண்ணுவாள். சாமி துணிக்குக்கூட அவள் அத்தனை இடம் விட்டதில்லை.

அது எண்பத்தைந்தாம் வருடம். இலங்கையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்துகொண்டிருந்த கப்பல் முந்தின ஆண்டே நின்றுபோயிருந்தது. இந்திய பாஸ்போர்ட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு காத்திருந்தவர்களில் சின்னம்மையின் தாய் வீரம்மாவும் ஒருத்தி. மகளைப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். இனி வழி விமானம்தான். மகள் சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் டிக்கெட் எடுத்துவிடுவதாகத் தம்பி அழகையா அங்கிருந்து டிரங்க் காலில் கத்தினான்.

சொல்லியிருப்பாள். அதற்குள் ஜூடித் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பட்டாணி உரித்தபடி, தன் தொழிலைப் பற்றிச் சின்னம்மை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மேலே கிளம்பும்போது இன்ஜினில் இருக்கும் பலம் முழுவதையும் அநேகமாகக் கொடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட்டார்.

சின்னம்மையின் கையிலிருந்த பட்டாணி கீழே உருண்டது. "ஆளுங்கள ஏத்திக்கிட்டா?"

"ஏத்திக்கிட்டுத்தானுங்க. ரன்வே நீளமா இருக்குது, ஆளும் சாமானும் கம்மி, அப்ப எதுக்குங்க அத்தனையும்?" ஜூடித் விளக்கினார். வெயில் ஏற ஏற இன்ஜினின் பலம் குறையும். வெளியே முப்பது டிகிரிதான் என்றாலும், இன்றைக்கு நாற்பத்தெட்டு என்று வைத்துக்கொள்வார்கள். அந்த வெயிலில் என்ன பலம் கிடைக்குமோ அதை மட்டும் கொடுப்பார்கள். "இன்ஜின்கிட்ட ஒரு பொய்யிங்க்கா. வெயில் கொளுத்துதுன்னு. பாதியில ஒரு இன்ஜின் நின்னாக்கூட மேல ஏறிருமான்னு பாத்துட்டுத்தான் அந்தப் பொய்யே சொல்லுவோம். இன்ஜின் சூடாகித் தேயாது, நெடுநாள் ஒழைக்கும். மிச்சப் பலம் எங்கீங்க போகுது? பலம் குடுக்கிற பிடி மேலயே கை இருக்குது. வேணும்னா ஒரு தள்ளு."

இரும்பிடம் பொய் சொல்வதும் இரும்பு அதைக் கேட்டு நடப்பதும் சின்னம்மைக்கு மெய்சிலிர்ப்பாகத்தான் இருந்தது. ஆனால் குறைத்துக் கொடுப்பது என்றாலே அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அரிசியைக் குறைத்து அளந்தவர்களையும், கொழுந்து நிறுக்கும்போது ஈரமென்று சொல்லிக் குறைத்து எழுதியவர்களையும் பார்த்து வளர்ந்தவள் அவள். குறைத்துக் கொடுத்தவன் எவனும் அவள் நன்மைக்காகக் குறைத்ததில்லை.

"எங்கம்மா வாற அன்னிக்கு முழுசா குடுப்பேன்னு சொல்லுங்க நோனா. அது போதும் எனக்கு."

"அடுத்த வாரம் வியாழக்கிழமை கொழும்பு டியூட்டி எனக்குத்தானுங்க. அன்னிக்கே வரச் சொல்லுங்க. ஆனா அப்படிச் சொல்லமாட்டனுங்க்கா. மழை பேஞ்சு ரன்வேல தண்ணி நின்னா முழுசாக் குடுப்பேன். தேவையில்லீன்னா மாட்டேன்."

ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன கெட்டுவிடும்? இன்ஜினிடம் சொல்கிறவர் மனுஷியிடம் சொல்லக்கூடாதா? சின்னம்மைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பட்டாணியை அப்படியே போட்டுவிட்டுப் போனவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

கோபத்தோடுதான் நிரையில் நின்று கொழுந்து பறித்தாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் கிள்ளி முதுகுக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போனாள். வேலைக்குப் புதிதாக வந்தவள் ஒருத்தி கூடை நிறையட்டும் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் உருவுவதைப் பார்த்து, "அடியே, செடிக்கு விடுடி! அடுத்த தடவைக்கு எங்க போவ?" என்று அதட்டினாள். அதட்டிய பிறகு கை சற்று நின்றது. மொட்டையாக உருவத் தன் கையிலும் வலு இருக்கிறது; செடி பிழைக்கட்டும் என்றுதானே குறைத்துக் கிள்ளுகிறாள். அன்று மாலையே குன்னூர் தபாலாபீசுக்கு நடந்து, டிரங்க் கால் போட்டு, வியாழக்கிழமை ஏற்றிவிடு என்று தம்பியிடம் சொன்னாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. பயத்தோடுதான் சொன்னாள்.

புதன்கிழமை நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி வியாழன் காலை மீனம்பாக்கத்தில் போய் நின்றாள். வெயில் உண்மையிலேயே கொளுத்தியது. வேலிக்கு அப்பால் ஒரு விமானம் ஓட ஆரம்பித்தது. தோட்டத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் ஒரு லயம் அத்தனை நீளம் இருக்கும். அது ஓடி, ஓடி, மூக்கை உயர்த்தி, தரையை விட்டு எழுந்ததைப் பார்த்ததும் சின்னம்மை தன்னையறியாமல் கும்பிட்டாள். இதைப் போய் நம் ஊர்ப் பெண் செய்கிறாளே, அதுவும் பலத்தில் மிச்சம் வைத்துக்கொண்டு செய்கிறாளே என்று நெஞ்சு விம்மியது. கண்ணீர் துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

கொழும்பு விமானம் இறங்கி நெடுநேரம் கழித்து வீரம்மா தகரப் பெட்டியோடு வெளியே வந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் முதல் புகார் தேத்தண்ணியைப் பற்றி. "சாயமே இல்லடி. தோட்டத்து ஆளுக்குக் குடுக்கிற தண்ணியா அது?"

"ஏறும்போது பயமா இருந்திச்சாம்மா?"

"எப்ப ஏறுச்சு? பொட்டலத்தப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். பாத்தா கீழ கடல்."

சற்றுப் பின்னால் ஜூடித் வந்தார். தோளில் பட்டை, கையில் கறுப்புப் பெட்டி. சின்னம்மையைக் கண்டதும் கோபம் தீர்ந்ததா என்று தெரியாமல் தயங்கி நின்றார். சின்னம்மை நேரே போய்க் கேட்டாள்: "முழுசா குடுத்தீங்களா?"

"இல்லீங்க்கா. நல்ல வெயிலு, காஞ்ச ரன்வே. கொறச்சுத்தானுங்க குடுத்தேன்."

"நீங்களா தள்ளுனீங்க? எந்தக் கையால?"

கோ-பைலட்டான அவருக்கு வலப்பக்கச் சீட்; இன்ஜின் பிடி இடது கைப் பக்கம். ஜூடித் கேள்வி புரியாமலே இடது கையை நீட்டினார். நல்ல காரியத்துக்கு யாரும் நீட்டாத கை என்று நினைவு வந்ததும் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். சின்னம்மை விடவில்லை. அந்த இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்தி, இரு கண்களிலும் மாறி மாறி ஒற்றிக்கொண்டாள்.