அண்ணன் துப்பிய ரத்தம்

எங்கள் வீட்டுக்கு மூத்தவரான அண்ணன் இறைவனிடம் போய் ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. அண்ணன் மனைவி, என் மதினி, சொன்னதால் எழுதுகிறேன்.

அண்ணன் புன்னைக்காயலில் பிறந்தார். அப்பா இறந்தபின் எங்களைத் தூத்துக்குடிக்கு அழைத்துவந்து, சங்கு குளித்து வளர்த்தார். தங்கைகளைக் கரையேற்றினார். காற்றுக் குழாயைப் பல்லால் கடித்தபடி கடலில் இறங்குவார். நான் படகில் குழாய் பிடிப்பவன். மேலே வந்து துப்பினால் சிவப்பாக இருக்கும்.

"ஏலே, ரத்தம் வந்தாத்தான் நல்ல ஆழம் போயிருக்கோம்னு அர்த்தம்" என்பார்.

படகில் எல்லாரும் அப்படித்தான் நம்பினோம். துப்பியது வெளுத்திருந்தால், "இவன் கரையிலயே முங்கிட்டு வாரான்" என்று கேலி செய்வோம். கடலுக்குப் போகாத நாளிலும் அண்ணனுக்கு ஈறில் ரத்தம் வந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

பிறகு, நடந்தால் அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நின்றால் விட்டுவிடும். மதினி பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார்.

"வலி காலுல தாயி. வாயில என்ன இருக்கு?"

"காலுக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சிருக்கு அண்ணாச்சி. ஈறும் சீழ் பிடிச்சிருக்கு. ஈறுப் புண்ணு ரத்தக் குழாயையும் கெடுக்கும்னு சொல்லுதாங்க. அது மட்டுந்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், பீடியும் இருக்கு. ஆனா ரெண்டுக்கும் வைத்தியம் பாக்கணும். ஆடுற பல்லை எடுத்திருவோம்."

அண்ணன் எழுந்துவிட்டார். "பல்லு போனா குழாயை எதைக் கொண்டு கடிக்க?"

"காலு போனா எதைக் கொண்டு நீந்துவிய?" என்றார் மதினி.

அண்ணன் சிரித்தார். மாத்திரை வாங்கிக்கொண்டார். பீடியை விட்டார். பல்லை மட்டும், சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

சீசன் முடியவில்லை. ஒரு நாள் மேலே வந்து துப்பினார். "இன்னைக்கு நல்ல ஆழம்ணே" என்றேன். நெஞ்சைப் பிடித்தபடி என்மேல் சாய்ந்தார். மாரடைப்பு. கரை சேருமுன் உயிர் போய்விட்டது.

இப்போதும் விடியும்போது வீட்டுத் தண்ணீர்க் குழாயடியில் அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்கிறது. எழுந்துபோய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கிறது. மதினிக்கும் கேட்கிறதாம்.

அண்ணனைக் கரைக்குக் கொண்டுவந்த படகுத் தோழர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டிவந்த தம்பிக்கும், பங்குத்தந்தைக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தோழர்களுக்கு இன்னும் ஒன்று. எனக்கும் ஈறில் ரத்தம் வருகிறது. வரும் திங்கள்கிழமை காலை பல் டாக்டரிடம் போகிறேன். திரேஸ்புரம் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பேன். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். வந்து ஏறிக்கொள்ளுங்கள்.