தங்கைக்கு விசாரணை, எனக்கு மொட்டை

என் தங்கை லட்சணமானவள். இதை நான் சொல்லவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து ஊரில் எல்லாரும் என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கென்று இருந்தது இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் ஒன்றுதான். அதில் மட்டும் அவள் எனக்கு ஒரு படி கீழே.

பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரக் காத்திருந்தபோது, திருத்தணி கடைத்தெருவில் ஒரு கடையில் லிப்ஸ்டிக்கும் முகத்துக்குப் போடும் கிரீமும் எடுத்துத் துப்பட்டாவுக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். கேமராவில் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். கடைக்காரர் போலீசுக்குச் சொல்ல, அம்மாவும் நானும் ஓடினோம். கேஸ் விழுந்தால் நர்சிங் சீட்டும் போச்சு, அரசாங்க வேலையும் போச்சு என்று வழியெல்லாம் அம்மா புலம்பினாள்.

ஸ்டேஷனில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்கும் அதிகாரி யூனிஃபார்ம் இல்லாமல் புடவையில் இருந்தார்.

“பதினெட்டு ஆவல இல்ல? சின்னத் திருட்டு, மொத தடவ. எஃப்.ஐ.ஆர். போட மாட்டோம். திருவள்ளூர்ல சிறார் போர்டுக்கு ரிப்போர்ட் போவும். அவங்க கூப்ட்டு விசாரிப்பாங்க” என்றார்.

“நான் எடுத்திருந்தா?” என்று என் வாய் கேட்டுவிட்டது.

“உனக்கு இன்னா வயசு?”

“இருபது.”

“அப்ப கேஸுதான். பொருள திருப்பிக் குடுத்துட்டா, ஜெயிலுக்குப் பதிலா சமூக சேவை செய்யச் சொல்லுவாங்க. ஆனா குற்றவாளின்னு பேரு நிக்கும்.”

ஆக, சட்டத்துக்கும் அவள்தான் செல்லப்பிள்ளை. எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கையெடுத்தாள். “முருகா, இவ பேர்ல ஒண்ணும் இல்லாம வுட்டுட்டா, பெரியவளுக்கு மொட்டை அடிக்கறேம்பா.”

பெரியவள் நான்தான்.

“திருடுனது அவ, முடி மட்டும் என்னுதா?”

“அவளுக்கு அடிச்சா கடைத்தெருவே ஏன்னு கேக்கும்டி. உன்ன யாரு சந்தேகப்படப் போறாங்க?”

“பூமுடி தரேன். மூணு கத்திரி போட்டா போதும்.”

“மொட்டைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். சாமிகிட்ட பேரம் பேசுவியா?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா, “அவ சொல்றதும் நியாயந்தான்” என்றார். எவள் என்று சொல்லவில்லை.

விசாரணைக்கு லோக்கல் ரயிலில் போனோம். ஜன்னலோரம் அவளுக்கு, அம்மாவின் தோளும் அவளுக்கு. அவள் தப்பிக்க வேண்டும் என்றும் நினைத்தேன், என் முடி தப்பிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லை.

அங்கே கூண்டும் இல்லை, கறுப்புக் கோட்டும் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் மாஜிஸ்டிரேட் அம்மாவும் இன்னும் இருவரும். ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் போடுகிறார்கள் என்று சொல்லி அழுதாள். நான் அழுதால் மூக்கு ஒழுகும். அவள் அழுதால் இன்னும் கொஞ்சம் அழகாகத் தெரிவாள். இனி செய்யாதே என்று கண்டித்து, கவுன்சலிங்குக்கு வரச் சொல்லி விட்டுவிட்டார்கள்.

“படிப்புக்கோ வேலைக்கோ இது குறுக்க வராதும்மா. இந்த ஃபைலையும் அப்புறம் அழிச்சிடுவாங்க” என்றார் மாஜிஸ்டிரேட்.

அம்மா அங்கேயே கும்பிட்டாள். எனக்கும் மூச்சு வந்தது. உடனே கை தானாகப் பின்னலுக்குப் போனது.

அடுத்த கிருத்திகைக்கு மலையில் என் தலையை மழித்துச் சந்தனம் பூசினார்கள். கீழே இறங்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்மணி, “வயசுப் பொண்ணு, இவ்ளோ பெரிய வேண்டுதலா? இன்னாத்துக்கு கண்ணு?” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். “அக்காவுக்கு வரனே அமையலங்க. அதான்.”

“ஆங், ஆங்” என்றாள் அம்மா.

பஸ்ஸே திரும்பி என்னைப் பாவமாகப் பார்த்தது. அந்தப் பெண்மணி தன் சொந்தத்தில் ஒரு பையன் இருப்பதாகச் சொல்லி, அம்மாவிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டாள். இப்போது தங்கை நர்சிங் இரண்டாம் வருஷம். அவள் திருடியது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. என்னைப் பார்க்கிறவர்கள்தான், வரன் அமைந்ததா என்று இன்னும் கேட்கிறார்கள்.