இணைப்பு: ஒன்று

நர்ஸ் படிப்பு முடித்த எங்களை வேலைக்குப் பிடிக்க, தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மேலாளர் எங்கள் விடுதிக்கே கார் எடுத்துக்கொண்டு வந்தார். எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுக வேலைக்கு ஆட்கள் குவிந்துகொண்டிருந்தார்கள், நர்சுகளுக்குத் தட்டுப்பாடு. தங்குமிடம் இலவசம், சீருடை இலவசம், இரண்டு வருடம் முடித்தவர்களில் ஒருவரைச் சம்பளத்தோடு சென்னைக்கு மேற்படிப்புக்கு அனுப்புவோம் என்றார். மற்றவர்கள் தங்குமிடத்துக்காகக் கையெழுத்திட்டார்கள். நான் மேற்படிப்புக்காக இட்டேன். அதை முடித்தால் நர்சிங் பள்ளியில் ஆசிரியை ஆகலாம்.

இரண்டு வருடமும் எனக்கு ஆண்கள் வார்டு. உப்பளத்தில் கால் வெடித்தவர்கள், சங்கு குளித்துக் காதில் ரத்தம் வடிய வந்தவர்கள், துறைமுகத்தில் விரல் நசுங்கியவர்கள். நர்சுகளின் பணிப்பதிவேடும் என் பொறுப்பில்தான் இருந்தது.

மூன்றாம் வருடம் பிறந்ததும் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் மேற்படிப்பு விண்ணப்பம். எனக்குத்தான் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“சிஸ்டர், ஒங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு. இத நிரப்பிக் குடுங்க. எங்க அண்ணன் மவ போறா.”

அண்ணன் மகள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

“அவ வந்து ஒரு வருசங்கூட ஆகலியே அண்ணாச்சி.”

“ரெண்டு வருசம்னு நான் கடுதாசி குடுக்கேன். மெட்ராஸ்ல இருக்கவன் இங்கன வந்தா எண்ணப் போறான்? நீங்க பொறவு போகலாம். என்ன அவசரம், கலியாணமா நிச்சயமாயிருக்கு?”

பக்கத்தில் இருந்த தட்டச்சர் சிரித்தார். நான் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டேன்.

நிரப்புவதற்கு முன் விதிகளை முழுதாகப் படித்தேன். அந்த மருத்துவமனையில் அவற்றைப் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சிபாரிசுக் கடிதத்தோடு பணிப்பதிவேட்டின் உண்மை நகலையும் சான்றொப்பமிட்டு இணைக்க வேண்டும் என்றிருந்தது. அவள் சேர்ந்த தேதி உள்ள பக்கத்தை ஓர் எழுத்தும் மாறாமல் நகலெடுத்தேன்.

மேலாளருக்கு ஒரு வழக்கம் உண்டு. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திடுவார்; மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். தட்டச்சர் அடித்துக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் ஒரு குறி, நகலில் ஒரு குறி போட்டுவைத்தேன். இரண்டிலும் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார்.

“எல்லாம் சரியா இருக்கா சிஸ்டர்?”

“விதிப்படி இருக்கு அண்ணாச்சி.”

சில வாரங்களில் சென்னையிலிருந்து பதில் வந்தது. கடிதம் இரண்டு வருடம் என்கிறது, பதிவேடு எட்டு மாதம் என்கிறது, இரண்டிலும் ஒரே கையெழுத்து. ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அதோடு, இனி இந்த மருத்துவமனையின் சிபாரிசுகள் ஏற்கப்படமாட்டா.

மேலாளர் வார்டுக்கே வந்துவிட்டார். சிஸ்டர் என்பதெல்லாம் போய்விட்டது.

“ஏளா, ஒன் தலையிலயும் நீயே மண்ண அள்ளிப் போட்டிருக்கியே! இனி இங்கன இருந்து ஒருத்தியும் போக முடியாது, தெரியுமா?”

“தெரியும் அண்ணாச்சி. படிவத்தோட பின்பக்கத்துல போட்டிருந்துச்சு.”

“தெரிஞ்சா வச்ச?”

“என்னைய நீங்க எப்பவும் அனுப்பப் போறதில்ல. இப்ப அவளும் போகல.”

நோயாளிகள் பார்ப்பதைக் கண்டு அவர் விறுவிறுவென்று வெளியே போனார்.

அந்தப் பெண் இரண்டு நாள் அழுதாள். அவள் என்ன பாவம் செய்தாள் என்று பின்னாளில் சிலர் கேட்டார்கள். வருத்தப்பட முயன்று பார்த்தேன், வரவில்லை. வார்டு சிஸ்டராகவே ஓய்வு பெற்றேன். எந்தப் பள்ளியிலும் ஆசிரியை ஆகவில்லை. இன்றைக்கு அதே விண்ணப்பம் மேசைக்கு வந்தாலும் அந்த நகலை இணைத்துத்தான் அனுப்புவேன்.