ஃபுல்ஸ்டாப் டீச்சரின் பாலிசி

காப்பீட்டுப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருந்தார் டீச்சர். எதையும் அப்படித்தான் படிப்பார். "முதல் பக்கத்துல பல்லக் காட்டுறவன் கடைசிப் பக்கத்துலதான் கைய விரிப்பான்" என்பார். கட்டில் மேல் மூன்று கம்பெனிகளின் காகிதங்கள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒன்றின் மேல் அகராதி, இன்னொன்றின் மேல் மாத்திரை டப்பா, மூன்றாவதன் மேல் அவருடைய முழங்கை. பொடி எழுத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டுத்தான் மேலே போவார்.

வயது நாற்பத்து மூன்று. டுடோரியலில் இருபது வருடமாக ஆங்கில இலக்கணம் நடத்துகிறார். யாராவது வளவளத்தால் "ஃபுல்ஸ்டாப்!" என்று ஓர் அதட்டல், பிள்ளைகள் வைத்த பெயரும் அதுவே. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தங்கையோடு இரண்டு அறை வீட்டில் வாசம். கடல் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க இப்போது வேலை கிடைத்திருக்கிறது. அதைச் சந்தோஷமாக நாலு பேரிடம் சொல்ல விடாமல், பயணக் காப்பீட்டுப் படிவத்தின் ஒரே ஒரு கேள்வி குறுக்கே நின்றது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தார். அந்த ஒரு தடவைதான். தங்கையையும் டாக்டரையும் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து டீச்சர் பஸ்ஸில் படிக்கட்டு ஓரம் நிற்பதில்லை. குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. கரும்பலகையில் எழுதும்போது இடது கை பலகையின் சட்டத்தைப் பிடித்தபடியே இருக்கும்.

"மேடம், 'இல்லை'னு டிக் அடிச்சிட்டுப் போயிட்டே இருங்க. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார் விஷயத்தைக் கேட்ட காப்பீட்டு ஏஜென்ட்.

"'வலிப்பு எப்போதாவது வந்ததுண்டா'ன்னு கேட்டிருக்கான் சார். எப்போதாவதுன்னா பொறந்ததுலேர்ந்து இந்த நிமிஷம் வரைக்கும். இதத்தான் இருபது வருஷமா சொல்லிக் குடுக்குறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, கட்டத்தில் டிக் போடவில்லை. இல்லை என்று போட்டு அங்கே போய் விழுந்தால் கம்பெனி கைகழுவிவிடும். ஆமாம் என்று போட்டால் பாலிசி கிடைக்காமல் போகலாம். பாலிசி இல்லாதவரைப் பள்ளிக்கூடம் சேர்க்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. 'உடலைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் செலவு' என்ற வரியைப் பார்த்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "அதுவரைக்கும் மதிப்பிற்குரியவர்னு எழுதிட்டு வந்தவன், இங்க வந்ததும் உடல்ங்குறான், பாத்தியா?" என்று தங்கையிடம் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

கடைசியில் 'ஆமாம்' என்றே போட்டார். இரண்டு கம்பெனிகள் மறுத்துவிட்டன. மூன்றாவது கம்பெனி டாக்டரின் கடிதம் கேட்டது. கூடவே, விஷயம் தங்களுக்குத் தெரியும் என்று பள்ளிக்கூடம் கையெழுத்துப் போட்ட காகிதமும் கேட்டது. பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்ட பிறகு மூன்று நாள் வகுப்பில் யார் வளவளத்தாலும் அதட்டல் எழவில்லை.

நாலாம் நாள் பதில் வந்தது. அதையும் கீழிருந்தே படித்தார். வேலையைப் பற்றி மறுபேச்சே இல்லை. தலைமையாசிரியை ஒன்றுதான் கேட்டிருந்தார்: மறுபடி வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எழுதி அனுப்புங்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்துவைக்கிறோம்.

டீச்சர் பேனாவைத் திறந்தார். ஒரு வரியும் ஓடவில்லை. தனக்கு நடந்ததை அவர் பார்த்ததே இல்லையே!

"நீதானடி பாத்த. சொல்லு, எழுதுறேன்."

மூன்று வருடமாக இருவரும் தொடாத பேச்சு. தங்கை துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் திணிக்கக் கூடாது. அழுத்திப் பிடிக்கக் கூடாது. நான் பிடிச்சேன், அப்பத் தெரியாது எனக்கு. கடிகாரத்தப் பாத்துக்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்."

"எனக்கு எத்தன நிமிஷம்?"

"நாலு." துப்பட்டா நுனியை விரலிலிருந்து அவிழ்த்தாள். "நீ போயிட்டேன்னுதான்க்கா நெனச்சேன்."

டீச்சர் 'நாலு' என்று எழுதினார். அதற்கு மேல் எழுத அரை மணி நேரம் ஆயிற்று.

மூன்றாவது கம்பெனி கொடுத்த பாலிசியில் கையெழுத்துப் போட ஏஜென்ட் ஆபீசுக்கு அக்காவும் தங்கையும் சேர்ந்தே போனார்கள். ஒரு கட்டம் மட்டும் பாக்கி: அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். டீச்சர் தங்கையின் எண்ணை எழுதினார். ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தார். அப்படியும் மனசு கேட்கவில்லை. தன் போனை எடுத்து, எழுதியதைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார்.

பக்கத்து நாற்காலியில் தங்கையின் கைப்பைக்குள் மணி அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அக்காவின் பக்கம் திரும்பாமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "சொல்லுக்கா" என்றாள்.

டீச்சர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.