மருந்து கேட்காத கிருமியும் டாக்டர் சுலோசனாவும்

பரவை மார்க்கெட் அருகே பேருந்து நெரிசலில் சிக்கி நின்றபோது அந்தச் செய்தி வந்தது. சுலோசனா அக்காவின் தம்பி பேசினார். "மேடம், அக்கா போயிட்டாங்க. காலைலயே முடிஞ்சிருச்சு." எதிர்பார்த்ததுதான். ஆனாலும் எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது.

டாக்டர் சுலோசனா மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர். சிம்மக்கல்லில் ஜவுளி வியாபாரம் செய்த சௌராஷ்டிரக் குடும்பம். போனில் தம்பியோடு சௌராஷ்டிர மொழியில் சண்டை போட்டுக்கொண்டே அவரிடம் வேலை பார்த்த எங்களுக்குத் தமிழில் உத்தரவு போடுவார். நோயாளியின் ரத்தம் தாமதமாக வந்தால் வார்டுக்கே ஏறிப்போய்த் திட்டுவார். அவரைப் பலருக்குப் பிடிக்காது. அதில் அவருக்கு வருத்தமும் இருந்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து விருந்தில் கோழிக்கறி சாப்பிட்டவர்கள் வயிற்றுப்போக்கோடு எங்களிடம் வந்தார்கள். மற்றவர்கள் தேறினார்கள், குழந்தையின் தாய் தேறவில்லை. சால்மோனெல்லா கிருமி குடலைத் தாண்டி ரத்தத்தில் இறங்கியிருந்தது. கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. குழந்தையின் காதுப் புண் ஆறுமுன் அந்தப் பெண் இறந்துபோனார்.

எல்லோரும் சமையல்காரரைத் திட்டினார்கள். அக்கா கோழி வந்த பண்ணைக்குப் போனார். நானும் உடன் போனேன். கோழி எச்சத்தில் கிடைத்த, குடலில் வாழும் ஈ கோலை கிருமியிலும், இறந்த பெண்ணின் சால்மோனெல்லாவிலும் ஒரே பிளாஸ்மிட் இருந்தது. கிருமிக்குள் தனியாக இருக்கும் சிறிய டி.என்.ஏ. வளையம் அது. நர்ஸ்களுக்கு அக்கா இப்படிச் சொல்வார்: "ஒரு கிருமி இன்னொண்ணுக்கு நகல் எடுத்துக் கொடுத்துரும். சொந்தச் சாதியா இருக்கணும்னுகூட இல்ல. கொடுத்தவன்கிட்டயும் இருக்கும், வாங்குனவன்கிட்டயும் இருக்கும்."

அந்த வளையத்தில் மருந்தை முறிக்கும் மரபணுக்களோடு, ரத்தத்தில் தாக்குப்பிடிக்க உதவும் மரபணுக்களும் சேர்ந்தே இருந்தன. தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கக் கலக்க, சாதுவான கிருமிகள் செத்து இந்தக் கொடியவை பிழைக்கின்றன. "நாமதான் சோறு போட்டு வளக்குறோம்" என்றார் அக்கா.

பண்ணைக்காரர் எதையும் ஒளிக்கவில்லை. "டாக்டரம்மா, நான் தனியா மருந்து வாங்கல. தீவனத்தோடயே வருது. இல்லேன்னா அம்புட்டுக் கோழியும் போயிரும். நான் என்ன செய்ய?" என்றார். அக்கா யாரையும் திட்டாமல் திரும்பியதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சாவு பற்றிய விசாரணைக் கூட்டத்தில் ஒரு சுகாதாரத்துறை அதிகாரி, "கறி சரியா வேகல. அதோட முடிங்க மேடம். பீதியக் கிளப்பாதீங்க" என்றார்.

"வேகலங்கிறது நெசம் சார். அதனால சீக்கு வந்துச்சு. அந்தப் பொண்ணு செத்தது மருந்து கேக்காததால. ரெண்டும் வேற வேற" என்றார் அக்கா.

அறிக்கையில் முதல் பாதி மட்டும் அச்சானது. அந்தச் சமையல்காரரை அதன்பின் எந்த விசேஷத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. தீவன வியாபாரம் குறையவில்லை. "நமக்கு நோயாளி போதும், கோழி எதுக்கு?" என்று எங்கள் நிர்வாகம் பண்ணை ஆய்வை நிறுத்தியது. அக்கா அதை மறக்கவே இல்லை.

சிறுநீரகக் கல்லுக்காகச் சென்ற மாதம் எங்கள் மருத்துவமனையிலேயே சேர்ந்த அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. அவருடைய ரத்தத்தை வளர்த்துப் பார்த்தது நான்தான். கிளெப்சியெல்லா என்ற கிருமி. தட்டில் எந்த மருந்து வில்லையைச் சுற்றியும் கிருமி விலகி நிற்கவில்லை; எந்த மருந்தும் கேட்காது என்று அர்த்தம். அவரிடம் மறைக்க முடியுமா?

"ஒண்ணுகூடவா விலகல?"

"இல்லக்கா."

என் கையிலிருந்த பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். "தீவனந்தான்க்கா ஒங்களையும்..." என்று தொடங்கினேன்.

"எங்கேருந்து வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? தெரியாமச் சொல்லாத. என்னைய வச்சுக் கதை கட்டாத. கிருமியச் சேத்து வை. அந்தப் பண்ணை வளையந்தானான்னு பாரு."

அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை.

நேற்று தத்தனேரி மயானத்தில் அவரை எரித்தோம். ஆய்வை நிறுத்திய நிர்வாகம் அனுப்பிய மாலைதான் இருந்ததிலேயே பெரியது. இன்று நான் ஆய்வகத்துக்கு வந்து உறைபெட்டியைத் திறந்து பார்த்தேன். அக்கா சாம்பலாகிவிட்டார். அவரைக் கொன்ற கிருமி சுண்டுவிரல் அளவுக் குப்பியில் உயிரோடு இருக்கிறது.

வளையத்தைப் பார்க்கிறேன் அக்கா. என்ன கிடைத்தாலும் முழுதாக எழுதுகிறேன். அதில் எந்தப் பாதியை அச்சிடுவார்களோ, தெரியவில்லை. நீங்கள் உறங்குங்கள்.